யோசனைக்கு ஒரு மரக்கால்

முன்னொரு காலத்தில், சாலை என்ற பெயரில் பள்ளங்களை வரிசையாக வைத்திருந்த ஒரு நாட்டில், இடுப்பு வலிக்கார ராஜா ஒருவர் இருந்தார். பல்லக்கில் போனால் தூக்குகிறவர்கள் தடுக்கி விழுந்தார்கள். ரதத்தில் போனால் ராஜாவின் எலும்புகள் அவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தன. ஒருநாள் மலைக்கோயிலிலிருந்து திரும்பியவர், அரியணையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே உத்தரவு போட்டார்.

"குவளை நிறைய மோர் வைத்துக்கொண்டு நாம் மலைக்கோயிலுக்குப் போய்வர வேண்டும். மோர் சிந்தக் கூடாது. அப்படி ஒரு வண்டி செய்து தருபவருக்குத் தக்க விலை தரப்படும்."

ராஜாக்களுக்கு வரும் ஆசையைப் பாருங்கள். சாலையைச் செப்பனிடலாம் என்று சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அரண்மனைத் தச்சர்கள் ஆசனத்துக்கு வைக்கோல் மெத்தை போட்டார்கள், சக்கரத்துக்குத் தோல் சுற்றினார்கள். என்ன செய்தும் மோர் ராஜாவின் மடியில்தான் வந்து சேர்ந்தது.

அந்த ஊரில் செம்பாயி என்று ஒருத்தி, கயிறு திரித்துச் சந்தையில் விற்பவள். சந்தைக்குப் போகும் வண்டியில் ஒருநாள் ஒரு வேடிக்கையைக் கண்டாள். தாய்க்காரி பள்ளத்துக்குப் பள்ளம் எகிறி விழுகிறாள். வண்டிக் கூண்டில் கட்டிய தூளியில் அவள் பிள்ளை அசங்காமல் தூங்குகிறது. வண்டியில் இருந்த எல்லாரும்தான் அதைப் பார்த்தார்கள். ஆனால் ராஜாவைத் தூளியில் போட்டால் என்ன என்று செம்பாயிக்கு மட்டும்தான் தோன்றியது.

காதில் கிடந்த தண்டட்டியைக் கழற்றி விற்றாள். அவளிடம் இருந்த பொன் அது ஒன்றுதான். பழைய கூண்டு வண்டி ஒன்றை வாங்கி, ஆசனத்தை வண்டியோடு சேர்த்து அறையாமல் முறுக்குக் கயிறுகளில் தொங்கவிட்டாள். ஊஞ்சல்போல அது ஆடாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டினாள்.

பிரதானி கார்மேகர், அதாவது தலைமை மந்திரி, "மகாராஜா ஏறுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும்" என்று சொல்லி, வண்டியைச் சில நாள் தம் கொட்டகையில் நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ராஜா ஏறினார். மலைக்கோயில் நாலு யோசனை தூரம். போனார், வந்தார், வரும் வழியில் தூங்கியும் விட்டார். மோர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கொஞ்சம் புளித்திருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் செம்பாயி விலை வாங்கச் சபைக்கு வந்தாள். பிரதானி எழுந்தார்.

"மகாராஜா, இந்த வண்டியில் இருப்பது பழைய மரமும் தென்னங்கயிறும்தான். அவற்றுக்கு உரிய காசைக் கொடுத்து அனுப்பலாம். மற்றபடி இவள் தந்தது வெறும் யோசனை. யோசனையைக் கண்ணால் கண்டவர் உண்டா, கையால் அளந்தவர் உண்டா? அளக்க முடியாததற்கு விலை ஏது? மேலும், இனி ஊஞ்சல் வண்டி செய்யும் உரிமை அரண்மனைக் கொட்டகைக்கே என்று ஆணையிட வேண்டுகிறேன்."

அரண்மனைக் கொட்டகை என்றால் பிரதானியின் கொட்டகைதான். சோதனைக்கு என்று நிறுத்திய வண்டியைப் பார்த்து அங்கே அதேபோல் பல வண்டிகள் செய்து, வணிகர்களை ஏற்றிக் கூலிக்கு ஓட்டவும் தொடங்கிவிட்டார். ஊருக்கே தெரியும், ராஜாவுக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்தது கடைசியாகத்தானே அரண்மனைக்குத் தெரியும்.

செம்பாயி கும்பிட்ட கையை இறக்கவில்லை. "ராசா, தண்டட்டிய வித்துச் செஞ்ச வண்டி இது. கயித்துக் காசு வாங்கவா இம்புட்டுத் தூரம் வந்தேன்? கயிறு சந்தையிலயே விக்கிது. இனிமே இந்த வண்டியவும் செய்யக் கூடாதுன்னா நான் எதை வச்சுப் பொழைக்க?"

ராஜாவுக்கு மனம் இளகியது. கஜானாவின் ஞாபகம் வந்ததும் மறுபடி இறுகியது. "பிரதானி சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே" என்று இழுத்தார்.

அப்போது அரசவை விகடன் வடிவழகன் முன்னால் வந்தான். முன்பல் நீட்டம், மூக்குச் சப்பை. பெயர் வைத்த அன்று அவன் தாய்க்குக் கண்வலி என்று ஊரில் சொல்வார்கள்.

"பிரதானி சொல்வது முழு நியாயம், மகாராஜா. அளக்க முடியாததற்கு விலை இல்லை. நான் அளந்து காட்டிவிட்டால்?"

ராஜா சிரித்தார். "யோசனையையா? எந்தப் படியால் அளப்பாய்?"

"அது என் பாடு. அளந்துவிட்டால் யோசனை ஒன்றுக்கு என்ன தருவீர்கள்?"

பிரதானி முந்திக்கொண்டார். இல்லாத ஊருக்குப் போகாத வழி சொல்ல யாருக்குத்தான் கஞ்சத்தனம் வரும்? "ஒரு மரக்கால் நெல் தரலாம், மகாராஜா. அரண்மனை மட்டும் ஏன்? ஊஞ்சல் வண்டி ஓட்டுகிற எவனும் இவளுக்கு யோசனைக்கு ஒரு மரக்கால் தரட்டும். இவன் அளந்து கிழிக்கிறதைப் பார்ப்போம்."

ராஜாவும் தலையாட்டினார். ஊஞ்சல் வண்டி ஓட்டுகிறவர் எவராயினும் செம்பாயிக்கு யோசனை ஒன்றுக்கு ஒரு மரக்கால் நெல் அளக்க வேண்டும் என்று கட்டியக்காரன் சபையிலும் கோட்டை வாசலிலும் கூவிவிட்டு வந்தான்.

"அளந்தாயிற்று, மகாராஜா. இதுவரை எட்டு யோசனை" என்றான் வடிவழகன்.

"எப்போது அளந்தாய்?"

"நான் எங்கே அளந்தேன்? தங்கள் பாட்டனார் அளந்து, சாலையில் யோசனைக்கு ஒரு கல் நட்டிருக்கிறார். மலைக்கோயிலுக்குப் போக நாலு யோசனை, வர நாலு யோசனை. மகாராஜா தூங்கியதால் எண்ணியிருக்க மாட்டீர்கள்."

பிரதானி துள்ளினார். "அது தூரம். நாம் பேசியது புத்தியில் தோன்றும் யோசனை."

"அதைத்தான் அளக்க முடியாது, விலையும் கிடையாது என்று தாங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்களே, பிரதானியாரே. அளக்க முடிகிற யோசனை நம் நாட்டில் இது ஒன்றுதான்."

ராஜாவின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்த்தது. "சரி, எட்டு மரக்கால்தானே. கொடுத்துவிடுங்கள்."

"அது தங்கள் பங்கு. பிரதானியார் கொட்டகை வண்டிகளின் பங்கு இனிமேல்தான். அவை அன்றாடம் துறைமுகம் வரைக்கும் போய்வருகின்றன."

"எந்த வண்டிகள்?" என்றார் ராஜா.

பிரதானி ஓரடி முன்னால் வந்தார். "அவை... அவை அடியேனின் சொந்த யோசனை, மகாராஜா."

"அப்படியா, மிகவும் நல்லது" என்றான் வடிவழகன். "தங்கள் யோசனை என்றால், தாங்கள் சொன்னபடி அதற்கு விலை இல்லை. நாளை முதல் வணிகர்களிடம் காசு வாங்காமல் ஏற்றிச் செல்லுங்கள். செம்பாயியின் யோசனை என்றால் யோசனைக்கு ஒரு மரக்கால். எது என்று தாங்களே சொல்லிவிடுங்கள்."

பிரதானி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "செம்பாயியின் யோசனைதான்" என்று கடைசியில் தொண்டைக்குள் சொன்னார். உடனே அவள் பக்கம் திரும்பிக் குழைந்தார். "அம்மா செம்பாயி, நெல்லை யார் அளந்துகொண்டிருப்பது? ஒரு பை பொன் தருகிறேன். இன்றோடு வழக்கை முடித்துக்கொள்ளலாம்."

நேற்றுவரை அவளை அம்மா என்று கூப்பிடத் தோன்றாத வாய் அது. பொன் என்றதும் செம்பாயியின் கை ஒரு கணம் வெறுங்காதைத் தடவியது. பிறகு தலையை ஆட்டினாள்.

"வேணாஞ்சாமி. ஒருவாட்டி குடுக்குற பொன்ன ஒருவாட்டிதான் திங்க முடியும். வண்டி ஓடுற மட்டும் நெல்லே வரட்டும். இன்னொண்ணு, இந்த வண்டிய யாரு வேணாலும் செய்யட்டும், ராசா. ஓட ஓட எனக்கு நல்லதுதான்."

ராஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்ததில் வலித்தது, வலித்ததில் இன்னும் சிரித்தார். கொட்டகை உரிமையெல்லாம் கிடையாது என்றார். கனமான தண்டட்டி ஒரு ஜோடி பிரதானியின் செலவில் செய்து செம்பாயிக்குப் போட வேண்டும் என்றார்.

"வடிவழகா, இத்தனையும் உன் யோசனை. உனக்கு எவ்வளவு தர வேண்டும்?"

"என் யோசனையை அளக்க முடியாது, மகாராஜா. ஆகவே அளக்காமல் கொடுங்கள்."

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். அதற்குப் பிறகு வண்டிகள் பெருகின, செம்பாயி வீட்டு வாசலில் நெல் வந்து குவிந்தது. பிரதானி மட்டும், தம் வண்டியில் ஏறினாலும் மரக்கால் அளக்க வேண்டுமே என்று எங்கும் நடந்தே போனார். நடக்க நடக்க அவருக்கும் நிறைய யோசனைகள் வந்தனவாம். அவற்றுக்கு யாரும் நெல் கொடுக்கவில்லை.