பக்கெட்டில் பன்னிரண்டு கார்புரேட்டர்கள்

“பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு கார்புரேட்டர் வாங்கி மாட்டினாத்தான் ரேஸுக்கு விடுவீங்கன்னா, என் வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டுப் போறேன்.”

கோகிலவாணி இதைச் சொன்னது மூன்றாவது தடவை. ஒரு சொல்கூட மாறவில்லை.

“பேரீச்சம்பழமும் இப்ப விலை ஏறிப்போச்சும்மா,” என்றார் சென்னியப்பன். சமாதானம் செய்கிற லட்சணம் அப்படி.

“சிரிக்காதீங்க சார். விதி எழுதினது நீங்க.”

“செலவு ஏறக்கூடாதுன்னுதானே எழுதினேன்?”

“எழுதினீங்க. ஏறிடுச்சு.”

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். திங்கள் முதல் வெள்ளி வரை இருபது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்கிறவளுக்கு ஒரு பெரியவரிடம் நின்று வாதாடப் பொறுமை இருக்காது.

பட்டறையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் சென்னியப்பன், வயது அறுபத்தொன்று. பத்திரப்பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருத்தி ஜெசிந்தா, வயது முப்பத்தாறு. கோயமுத்தூர் கணபதியில் அந்தப் பட்டறை அவளுடையது. நான்கு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் அவளிடம் எஞ்சின் வேலை கற்றுக்கொள்கிறார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள். இதில் யாருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

ஊருக்கு வெளியே மூடிப்போன நூற்பாலை ஒன்றின் பின்னால், பஞ்சு லாரி போய்வந்த நேர்ச்சாலை ஒன்று கிடக்கிறது. மாதம் ஒரு முறை, ஆலை வாரிசுகளின் அனுமதியோடு அங்கே டிராக் ரேஸ் நடக்கும். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் இருநூறு மீட்டர் நேராக ஓட வேண்டும். பன்னிரண்டு வினாடியில் கதை முடிந்துவிடும். குழம்பு தாளிக்கக்கூட அதைவிட நேரமாகும்.

பல பிரிவுகள் உண்டு. கடைசியில் கிடந்த பிரிவுக்கு வீட்டுவண்டிப் பிரிவு என்று பெயர். எல்லாம் ஒரே மாடல், நூறு சிசி, பழைய டூ ஸ்ட்ரோக். வீட்டிலிருந்து லாரியில் ஏற்றாமல் வரவேண்டும், ஓடவேண்டும், அதே வண்டியில் வீட்டுக்குப் போகவேண்டும். முதல் வருஷம் இருபத்திரண்டு வண்டிகள் வந்தன. விதி ஒரே பக்கம்; அதை எழுதிய சென்னியப்பனும் ஓட்டுகிறவர்களில் ஒருவர்.

யாரோ பெரிய சைலன்சர் மாட்டினார்கள். சென்னியப்பன் விதி எழுதினார்: கம்பெனி சைலன்சர் மட்டுமே. உடனே கம்பெனி சைலன்சரை அறுத்து, உள்ளே குடைந்து, தெரியாமல் ஒட்டவைத்துக் கொண்டுவந்தார்கள். புதிது வாங்குவதைவிட அதற்கு இரண்டு மடங்கு கூலி. சென்னியப்பன் வெல்டிங் பற்றி ஒரு விதி எழுதினார். டயருக்கு அளவு எழுதினார். அதே அளவில் வெளிநாட்டு டயர் வந்து இறங்கியது. அதற்கும் எழுதினார்.

இப்போது விதி பத்தொன்பது பக்கம். கடவுளுக்கே பத்துக் கட்டளை போதுமாக இருந்தது. வண்டிகள் ஆறு. ஆறுக்குக் குறைந்தால் அந்தப் பிரிவையே எடுத்துவிடுவோம் என்று ரேஸ் நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

கோகிலவாணி ஆறாவது வண்டி.

“அவ கார்புரேட்டர் நெஜமாவே போயிடுச்சா டீச்சர்?” என்று கேட்டார் சென்னியப்பன்.

ஜெசிந்தா மேஜையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற, கைக்குள் அடங்கும் சாமான். உள்ளே ஏறி இறங்கும் உருளை தேய்ந்து போயிருந்தது.

“முறுக்கினா ஏறுது. விட்டா இறங்க மாட்டேங்குது. இதோட அவ கிளம்பினா ஆலை சுவத்துலதான் போய் நிப்பா.”

“உள்ளூர்ல புதுசு செய்றாங்களே?”

“ஆயிரத்து நானூறு ரூபாய். நல்லாவே ஓடும். ஆனா பன்னெண்டாம் பக்கத்துல கம்பெனி முத்திரை இருக்கணும்னு எழுதியிருக்கீங்க. ரேஸ் அன்னிக்கு வண்டியைச் சோதிக்கிறது நான். முத்திரை இல்லைன்னா நான்தான் திருப்பி அனுப்பணும்.”

“நான் எழுதினப்ப கம்பெனி கார்புரேட்டர் ஆயிரத்து இருநூறுதான். கம்பெனி அதைச் செய்றதையே நிறுத்தும்னு கனவா கண்டேன்?” சென்னியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா ஒண்ணு புரியலீங்க டீச்சர். ஒவ்வொரு விதியும் செலவைக் குறைக்கத்தான் போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் செலவு ஏறியிருக்கு. எப்படி? ஏறவே விடாத மாதிரி ஒரு விதி இருக்கும்ல? அதைச் சொல்லிக் குடுங்க. இருபதாம் பக்கத்துல எழுதிடறேன்.”

அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பையிலிருந்து பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

ஜெசிந்தா கையைத் துடைத்தாள்.

“உங்க வீட்டுல கம்பெனி கார்புரேட்டர் எத்தனை இருக்குதுங்க சார்?”

“வண்டியில ஒண்ணு.”

“வீட்டுல?”

“ஏழு,” என்றார் கண்ணாடியை மறுபடி துடைத்தபடி.

“ஒரு வண்டிக்கு எட்டு எதுக்குங்க?”

“நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? ஒரே அச்சுல வார்த்தாலும் ரெண்டு கார்புரேட்டர் ஒண்ணாயிருக்காது, மயிரிழை வித்தியாசம் இருக்கும்னு. எட்டை வாங்கி மாட்டிப் பார்த்தாத்தானே அதுல நல்லது எதுன்னு தெரியும்? என்கூட ஓட்டற தனபால் பதினொண்ணு வெச்சிருக்கார். எல்லாமே விதிப்படிதான்.”

“சொன்னேன்,” என்றாள் ஜெசிந்தா.

அவள் மேஜையில் ஏறி உட்கார்ந்தாள்.

“எங்க கான்வென்ட்ல சாக்கு ஓட்டம் வைப்பாங்க. சிஸ்டர் எவாஞ்சலின்தான் பொறுப்பு. ஒரு பொண்ணு அவங்கப்பா அரிசி மண்டியிலருந்து அகலமான சாக்கு கொண்டுவந்து ஜெயிச்சா. பள்ளிக்கூடத்துச் சாக்கு மட்டும்தான்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் முதல் நாளே சமையற்காரம்மாவுக்கு முறுக்கு கொடுத்து, நல்ல சாக்கை ஒளிச்சு வெச்சோம். சிஸ்டர் சாக்குக்கு அளவு போட்டாங்க. நாங்க உள்பக்கமாத் தையலைப் பிரிச்சு விட்டோம். அதுக்கப்புறம் சிஸ்டர் தையலையும் அளந்தாங்க. அந்த வருஷம் அளந்து முடிக்கறதுக்குள்ள கடைசி மணி அடிச்சிருச்சு. ஓட்டமே நடக்கல.”

“அடுத்த வருஷம் என்ன பண்ணாங்க?”

ஜெசிந்தா கீழே இறங்கினாள்.

“வர்ற ஞாயித்துக்கிழமை ரேஸுக்கு வாங்க சார். அந்த ஏழையும் எடுத்துட்டு வாங்க.”

“சிஸ்டர் என்ன பண்ணாங்கன்னு கேட்டேனே?”

“கோகிலா கார்புரேட்டர் இல்லாமலே வண்டியைத் தள்ளிக்கிட்டு வரட்டும். நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

அந்த வாரம் முழுக்கச் சென்னியப்பனுக்கு அதே நினைப்பு. சாம்பாரில் உப்பில்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவர் மனைவிக்கு வருத்தம் அதுதான். உப்பைப் போடாமல் விட்டதே அவரைச் சோதிக்கத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆலைச் சாலையில் ஆறு பேரும் நின்றார்கள். கோகிலவாணி வியர்த்து வழிய, வண்டியின் கைப்பிடியை விடாமல் நின்றாள்.

ஜெசிந்தா ஒரு நீலப் பிளாஸ்டிக் பக்கெட்டை நடுவில் வைத்தாள்.

“எல்லாரும் கார்புரேட்டரைக் கழட்டி இதுல போடுங்க.”

“சோதனைக்கா?” என்றார் தனபால். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். போன தடவை ஜெயித்தவர்.

“போடுங்க, சொல்றேன்.”

இரண்டு நட்டு, ஒரு டியூப், ஒரு கேபிள். கால் மணி நேரத்தில் ஐந்து கார்புரேட்டர்கள் பக்கெட்டில் விழுந்தன. ஜெசிந்தா சென்னியப்பனைப் பார்த்தாள். அவர் மஞ்சள் பையை அவிழ்த்து ஏழையும் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். பச்சைக் குழந்தையைக் கீழே கிடத்துவதுபோல வைத்தார்.

ஜெசிந்தா பக்கெட்டைத் தூக்கி நன்றாகக் குலுக்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

“பன்னெண்டு இருக்கு. துண்டுக்கு அடியில கையை விட்டு ஆளுக்கு ஒண்ணு எடுங்க. எது வருதோ அதுல ஓடுங்க.”

“ஏம்மா, விளையாடறியா?” தனபாலின் குரல் ஏறியது. “என்னுது நான் தேடித் தேடி வாங்கினது! இது எந்த விதியில இருக்கு?”

“எந்த விதியில கூடாதுன்னு இருக்குங்க?”

எல்லோரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். பத்தொன்பது பக்கமும் அவருக்கு மனப்பாடம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போய்வந்தார்.

“கம்பெனி முத்திரை இருக்கணும்னுதான் இருக்கு,” என்றார். “யாரோடதா இருக்கணும்னு இல்ல.”

“நான் ஒத்துக்கலைன்னா?” என்றார் தனபால்.

“அஞ்சு வண்டிதான் ஆகும். எல்லாரும் வீட்டுக்குப் போலாம்.”

தனபால் ஆலைச் சுவரைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு முதல் ஆளாகக் கையை விட்டார்.

சென்னியப்பன் மூன்றாவது ஆள். துண்டுக்கு அடியில் அவர் விரல்கள் உலோகத்தைத் தடவின. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதின் அடியில் ஒரு சின்னப் புடைப்பு. காய்ந்த நகச்சாயம். எட்டில் சிறந்ததைக் கண்டுபிடித்த அன்று, மனைவியின் குப்பியிலிருந்து எடுத்து அவரே வைத்த சிவப்புப் பொட்டு.

கட்டைவிரல் அதன்மேல் நின்றது.

“என்ன சார், பக்கெட்டுக்குள்ள தவம் பண்றீங்களா?” என்றாள் கோகிலவாணி. “வெயில் ஏறுது.”

ஜெசிந்தா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் விரலை எடுத்தார். பக்கத்தில் கிடந்த வேறொன்றை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கு அடுத்து கோகிலவாணி. சட்டென்று கையை விட்டு, சட்டென்று எடுத்தாள். மற்ற இருவரும் எடுத்தார்கள். காற்றுத் திருகைச் சரிசெய்து வண்டியைப் பழக்கிக்கொள்ள எல்லோருக்கும் இருபது நிமிடம் கொடுத்தாள் ஜெசிந்தா.

முதல் ஓட்டத்தில் சென்னியப்பனின் வண்டி பாதித் தூரத்தில் இருமியது. தோற்றார். ஆனால் சாலை முடிவில் வண்டியை நிறுத்திவிட்டு, கார்புரேட்டர் பக்கம் குனிந்து, “ஏன் இருமினே நீ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கேள்வியை அவர் அதனிடம் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

கடைசி ஓட்டத்தில் தனபாலும் கோகிலவாணியும் நின்றார்கள். பச்சை விளக்கு விழுந்தது. அரைச் சக்கர வித்தியாசத்தில் கோகிலவாணி கோட்டைத் தாண்டினாள்.

“அவ வண்டியைப் பிரிங்க!” தனபால் இறங்கும்போதே கத்தினார். “உள்ள என்னமோ இருக்கு! கார்புரேட்டரைக் கழட்டுங்க!”

ஜெசிந்தா கழற்றினாள். தனபால் பிடுங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

“இது என்னுது,” என்றார்.

கோகிலவாணி சிரிக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள்.

“அப்ப ஜெயிச்சது என்னுதுதான்,” என்றார் தனபால். பெருமையா வயிற்றெரிச்சலா என்று அவருக்கே தெரியவில்லை. அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். “மாட்டும்மா. மாட்டி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போ. தள்ளிக்கிட்டா போவே?”

சென்னியப்பன் ஜெசிந்தாவிடம் வந்தார். பேனா கையில் இருந்தது.

“கிடைச்சிருச்சு டீச்சர். குலுக்கி எடுக்கணும்னு இருபதாம் பக்கத்துல எழுதிடறேன். இனிமே யாரும் எட்டு வாங்க மாட்டாங்க.”

“எழுதுங்க. அடுத்த மாசம் வீட்டுல இருக்கறதுலயே மோசமானதை எடுத்துட்டு வந்து போடுவாங்க.”

சென்னியப்பன் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

“நான்கூடவா போடுவேன்?”

“நீங்கதான் சார் முதல்ல போடுவீங்க.”

அவர் பேனாவைப் பைக்குள் செருகினார்.

“சரி, இதையாவது சொல்லுங்க. அந்த அஞ்சாவது வருஷம் சிஸ்டர் எவாஞ்சலின் இதத்தானே பண்ணாங்க? சாக்கை மாத்திவிட்டாங்க, இல்லீங்களா?”

“இல்லீங்க சார். சாக்கு ஓட்டத்தையே எடுத்துட்டாங்க. கரண்டில எலுமிச்சம்பழம் வெச்சு நடக்கச் சொன்னாங்க.”

“அப்புறம்?”

“பெரிய கரண்டி வாங்க ஆரம்பிச்சோம்.”

ஆறு வண்டிகளும் கிளம்பத் தயாராக நின்றன. எல்லா வண்டியிலும் கார்புரேட்டர் இருந்தது. எதில் இருப்பது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. ஜெசிந்தா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். பக்கெட்டில் மிச்சம் ஆறு கிடந்தன. மேலாகக் கிடந்த ஒன்றின் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்திருந்தது. அதில் சிவப்புப் பொட்டு.

அவள் பக்கெட்டைத் தூக்கி அவர்கள் நடுவில் நீட்டினாள்.

“மிச்சம் ஆறு இருக்கு. யாரோடது எதுன்னு பார்த்து எடுத்துட்டுப் போங்க.”

தனபால் ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கொண்டார். கோகிலவாணி சென்னியப்பனைப் பார்த்தாள்.

சென்னியப்பன் பக்கெட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரோடதுங்க இது?” என்றாள் ஜெசிந்தா மறுபடியும். “வந்து எடுத்துக்கங்க.”