துணைக்கு வந்த குளோரின்

சவரிராயன் தூத்துக்குடிக்காரர். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில், குடிநீர் நிலையத்தில் முப்பது வருஷம் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் வீட்டில் பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டார். குரு, அதே ஊரில் பீர் சாமான் கடை வைத்திருக்கும் பூங்கோதை. காரைக்காலில் பிறந்தவள், சீடரைவிட இருபத்திரண்டு வயது சின்னவள்.

கூட வேலை பார்த்தவர்களை அழைத்து, தன் கையால் காய்ச்சிய பீரைக் கொடுத்து விடைபெற வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த விருந்து ஏழு மாதமாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சிய மூன்று தடவையும் பீரில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி நாற்றம்.

இதற்கிடையில் தினமும் காலை ஒன்பது மணிக்கு நிலையத்துக்குப் போய், தன் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு யோசனை சொல்லிவிட்டு வருவார். அவளாக எதுவும் கேட்டதில்லை. நல்ல பெண், அதனால் நாற்காலி மட்டும் எடுத்துப் போடுவாள்.

நான்காவது தடவை காய்ச்சுமுன் பூங்கோதையை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்.

"பார்லி மால்ட்டை மாத்திட்டேன். ஈஸ்ட்டை மாத்திட்டேன். டிரம் கூட புதுசு."

"தண்ணி?"

சவரிராயனுக்குச் சுருக்கென்றது. "தண்ணி நம்ம தண்ணிம்மா. நான் பாத்துப் பாத்து அனுப்புனது."

பீர் புத்தகத்தை வரி விடாமல் படித்த மனிதர், தண்ணீர் அத்தியாயத்தை மட்டும் புரட்டிவிட்டுப் போயிருந்தார். தண்ணீரைப் பற்றி அவருக்கு யார் பாடம் எடுப்பது?

பூங்கோதை குழாயில் இரண்டு டம்ளர் பிடித்தாள். பையிலிருந்து, பீர் காய்ச்சுகிறவர்கள் தண்ணீரில் போடும் மாத்திரை ஒன்றை எடுத்து, நகத்தால் சுரண்டி, ஒரு டம்ளரில் ஒரு துளி தூளைப் போட்டுக் கலக்கினாள். கொஞ்ச நேரம் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த டம்ளரை நீட்டினாள்.

"மோந்து பாருங்க சார்."

"ஒண்ணுமே இல்லையே."

"இப்ப அது."

மற்ற டம்ளரை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். முப்பது வருஷமாக அவர் சட்டையிலும் மூக்கிலும் ஊறிப்போயிருந்த வாசனை. இன்றைக்குத்தான் அது அவருக்குத் தெரிந்தது.

"குளோரின்," என்றார் மெல்ல.

"மால்ட்டோட சேந்தா பிளாஸ்திரி."

"காய்ச்சினா போயிருக்கணுமே... போகாது. குழாய் தொண்ணூறு கிலோமீட்டர். வழியில கிருமி சேராம காக்கணும்னு, லேசில ஆவியாகாத மாதிரி நான்தான் அம்மோனியா சேத்து அனுப்பினேன்."

நாற்காலியில் உட்கார்ந்தார். மனசு வலித்தது. "அப்ப நான் முப்பது வருஷமா செஞ்சது தப்பாம்மா?"

பூங்கோதை அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என் கல்யாணத்துல சித்தப்பா என்னைப் புகுந்த வீட்ல கொண்டுவிட வந்தார். ரயில்ல ராத்திரி பூரா கண்ணு மூடல. பெட்டி, பாத்திரம், நான், எதுவும் தொலையாம கொண்டு வந்து சேத்தார்."

"நல்ல மனுஷன்."

"தங்கமான மனுஷன். விருந்து சாப்பிட்டப்புறம் கிளம்பல. இந்தச் சமையக்கட்டு சரியில்ல, அந்த ஜன்னலைத் தெறக்காதேன்னு பதினோரு நாள் இருந்தார். மாமியார் வாயே தெறக்கல. எனக்கும் அந்த வீடு புடிபடல."

"அப்புறம்?"

"நானே பையை எடுத்துக் குடுத்து, கால்ல விழுந்து, ரயிலேத்தி விட்டேன். அழுதுட்டுத்தான் போனார். இன்னைக்கும் அவர் பேரைச் சொன்னா எனக்குக் கண்ணு நெறையும்."

மாத்திரையை உடைத்து, கால் பங்கை அவர் உள்ளங்கையில் வைத்தாள். சவரிராயன் அதை இருபது லிட்டர் தண்ணீரில் தானே போட்டு, தானே கலக்கினார். இம்முறை நன்றாக வரும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. முகம் மலர்ந்து சிரித்தார்.

"அப்ப விருந்தை எப்ப வெச்சுக்கலாம்? நாளைக்கு ஒம்பது மணிக்கு நிலையத்துக்குப் போவேன், நேர்லயே சொல்லிடறேன்."

பூங்கோதை அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள்.

"சித்தப்பா எப்பக் கிளம்பறார்னு சொல்லுங்க சார், அன்னைக்கே வெச்சுடலாம்."