இருபத்தொண்ணு வரைக்கும் எண்ணுன சத்தக்காரி

ஒரு ஊர்ல ஒரு சத்தக்காரி இருந்தாளாம். நம்ம கொடைக்கானல் மாதிரி ஒரு மலையூரு. அவ தும்முனா எதிர்வீட்டு நாய் குரைக்கும்.

"நீயா பெரியம்மா?"

ச்சே ச்சே, நான் எவ்ளோ சாது! நீ "ம்" மட்டும் கொட்டு, இலக்கியா.

"ம்."

அவளுக்கு ஒரு தங்கச்சி மக. அதுமேல உசுரு. ஆனா அந்தப் புள்ள, "லீவுக்கு வரமாட்டேன், பெரியம்மா கத்தும், பயமா இருக்கு"ன்னுடுச்சு. இவ, இனிமே கத்தவே கூடாதுன்னு முடிவு பண்ணுனா. அப்புறம், திபெத்து லாமா ஒருத்தர் தியானம், யோகா எல்லாம் சொல்லிக் குடுக்கறாருன்னு கேள்விப்பட்டு, சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா.

மொத நாள், "கண்ணை மூடி மூச்சைக் கவனிங்க"ன்னாரு லாமா. கொர்ர்ர்... கொர்ர்ர்... பக்கத்துல இருந்தவங்க எல்லாரும் இவ மூச்சைத்தான் கவனிச்சாங்க.

ரெண்டாம் நாள், வெண்கலக் கிண்ணத்தைத் தட்டுனாரு. டொய்ங்ங்ங்! இவ தீபாராதனைன்னு நெனச்சு விருட்டுன்னு எந்திரிச்சு, கன்னத்துல பட்பட்டுன்னு போட்டுக்கிட்டா.

"ம்..."

மூணாம் நாள், புத்தர் முன்னால ஏழு கிண்ணத்துல தண்ணி. அது புத்தருக்குப் படைச்சது. இவ தீர்த்தம்னு உள்ளங்கையில ஊத்தி மடக்குன்னு குடிச்சு, மிச்சத்தைத் தலையில தடவிக்கிட்டா. ஏழு கிண்ணமும்!

லாமா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. "உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு போதும்மா. கோவம் வந்தா, மூச்சை விட்டு விட்டு இருபத்தொண்ணு வரைக்கும் எண்ணுங்க."

அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி அந்தப் புள்ளையை வரவழைச்சா. வந்த அன்னைக்கே, டமார்! பால் சட்டியைக் கவுத்துட்டு, அது கதவுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்குச்சு. சத்தக்காரிக்குக் கோவம் புசுபுசுன்னு ஏறுது. அப்போ எண்ணுனா. மனசுக்குள்ள எண்ணணும்னு அந்தக் கூறுகெட்டவளுக்குத் தோணவே இல்ல. "ஒண்ணூ! ரெண்டூ! மூணூ!" தெருவே வாசலுக்கு வந்துடுச்சு.

அப்போ கதவுக்குப் பின்னாலேர்ந்து ஒரு சின்னக் குரல். "நாலு..."

எனக்கு அழுகையே வந்துடுச்சுடி. ரெண்டு பேருமா இருபத்தொண்ணு வரைக்கும் எண்ணிட்டு, தரையைத் துடைச்சோம்.

"அப்போ நீதான்! நாலு சொன்னது நான்!"

சரி, நான்தான். கதையும் மலையேறிடுச்சு, கண்ணை மூடு.

"பெரியம்மா... சாயங்காலம் உன் மூக்குக்கண்ணாடி மேல ஒக்காந்துட்டேன்."

...ஒண்ணூ!

"ரெண்டு..."