கம்பளம் நனையாத வெள்ளம்

முன்னொரு காலத்தில், மழை மாதத்தில்கூட மழையைப் பற்றிப் பேசக் கூடாது என்று உத்தரவு போட்ட ஒரு மகாராஜா இருந்தார். பெயர் மகுடவர்மர். ஆள் நல்லவர்தான். ஆனால் அந்த வருஷம் அவருக்கு அறுபது பிறந்தது, கூடவே ஒரு பிடிவாதமும் பிறந்தது. கார்த்திகையில் மணிவிழா முடிகிறவரை யார் வாயிலிருந்தும் அமங்கலமாக ஒரு வார்த்தை வரக் கூடாது. சமையற்காரன் பால் திரிந்துவிட்டது என்று சொல்லப் பயந்து, "பால் மனம் மாறிவிட்டது" என்றானாம். அரண்மனை அந்த லட்சணத்தில் இருந்தது.

அந்தச் சபையில் மூக்கப்பன் என்றொரு விகடகவி. அரண்மனை வேலை கிடைத்ததும் மற்றவர்கள் ராஜவீதிக்குக் குடிபோவார்கள். அவன் போகவில்லை. பெரிய ஏரிக்கரைக்குக் கீழே, பிறந்த கீழைத்தெருவிலேயே இருந்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசியில் அந்தக் கரை உடைந்தது. எல்லோரும் கல்மண்டபத்து மேட்டுக்கு ஓடினார்கள். அவன் தம்பி கருப்பணன் மட்டும் மாட்டை அவிழ்க்கத் திரும்பிப் போனான். நனைந்த கயிற்றில் முடிச்சு இறுகிவிட்டது. மாடும் வரவில்லை, தம்பியும் வரவில்லை. ஊரையே சிரிக்கவைக்கிற மூக்கப்பன் அதைப் பற்றி மட்டும் இன்றுவரை விகடம் பேசியதில்லை.

இனி இந்தத் தெருவில் ஒரு தலை குறையக் கூடாது என்று அவன் அன்றே முடிவு கட்டினான். அவன் பெண்டாட்டி செங்கமலம் அவனைவிட அழுத்தக்காரி. வீட்டுக்கு வீடு போய்ச் சண்டை போட்டு, அவல் நிரப்பி வாய் கட்டிய பானையைப் பரணில் ஏற்றவைத்தாள். பக்கத்திலேயே ஒரு கயிறு, துணி மூட்டை, சிக்கிமுக்கிக் கல். மாடு கட்ட உருவு முடிச்சு மட்டும்தான் போட வேண்டும். நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். வெள்ளிக்கிழமைதோறும் தம்பட்டம் அடிப்பாள். சத்தம் கேட்டதும் தெரு முழுக்க மேட்டுக்குப் போக வேண்டும், அவள் தலை எண்ண வேண்டும். நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது என்பதுகூடப் பேசி முடித்திருந்தார்கள்.

இது பிரதானி அனந்தகிரியார் காதுக்குப் போயிற்று. மகாராஜா மூக்கப்பனைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சலில் வேகிறவர் அவர். சும்மா இருப்பாரா?

"மகாராஜா! தங்கள் மணிவிழா நெருங்குகிற வேளையில் கீழைத்தெருவார் வாரந்தோறும் மூட்டை முடிச்சோடு ஓடிப் பழகுகிறார்கள். வெள்ளத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு அனுப்புகிறார்கள். ஓடப் பழக்குகிறவன் இதோ நிற்கிறான்" என்றார்.

"உண்மையா, மூக்கப்பா?"

"உண்மை, மகாராஜா."

"நமது நாட்டில் வெள்ளம் எங்கே இருக்கிறது?"

"இப்போது இல்லை, மகாராஜா. வந்த பிறகு பழக நேரம் இருக்காது."

மகாராஜாவின் முகம் சிவந்தது. "அப்படியானால் நாளைக் காலை அந்த வெள்ளத்தை இந்தச் சபைக்குக் கொண்டுவந்து காட்டு. காட்டினால் உன் தெரு இஷ்டம்போல் ஓடட்டும். காட்டாவிட்டால் அங்கே கட்டிவைத்த மூட்டையெல்லாம் அவிழ்க்கப்படும். நீ மட்டும் உன் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாட்டைவிட்டுப் போகலாம்!"

பிரதானியார் மெல்ல எழுந்தார். "குடம் குடமாகக் கொட்டி வேடிக்கை காட்டுவான், மகாராஜா. சபையின் பட்டுக் கம்பளத்தில் ஒரு பொட்டு ஈரம் படக் கூடாது என்பதையும் உத்தரவில் சேர்க்க வேண்டும்."

"சேர்த்தோம்" என்றார் மகாராஜா.

மூக்கப்பன் குனிந்து வணங்கினான். "ஒரே ஒரு வேண்டுகோள். வெள்ளம் சபையில் இருக்கிற ஒரு நாழிகைக்கு, தண்ணீர் எவ்வளவு உயரம் என்பதை அடியேன்தான் சொல்வேன்." அதற்கு மகாராஜா சம்மதித்தார்.

வீட்டுக்கு வந்தவன் சோறு இறங்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நாடு கடத்துவது பெரிதாகத் தோன்றவில்லை. பரணில் ஏற்றிய பானைகளை இறக்கிவிடுவார்களே என்பதுதான் அவனை அரித்தது.

"கம்பளம் நனையாம வெள்ளத்தக் கொண்டாரணுமாமா? அந்த மனுசனுக்கு வேற சோலியே இல்லியா?" என்றாள் செங்கமலம்.

"மகாராசாடி அவரு."

"இருக்கட்டும். நனைக்காத வெள்ளம் வேணும்னா நீ சாஞ்சிருக்கிற செவுத்துல நிக்குது பாரு. பன்னெண்டு வருசமா ஒரு சொட்டு சிந்தல."

மூக்கப்பன் திரும்பிப் பார்த்தான். அன்றைக்குத் தண்ணீர் ஏறி நின்ற இடத்தில் சேற்றுக் கறை ஒரு கோடாக ஓடியது. அவர்கள் அந்தக் கோட்டின்மீது வெள்ளை அடித்ததே இல்லை. அவன் எழுந்து கைகழுவிவிட்டு வந்து சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. மூக்கப்பன் கையில் குடமும் இல்லை, செம்பும் இல்லை. ஓர் இரும்புத் தகடு மட்டும் இருந்தது. நேராக அரியணைக்குப் பக்கத்துத் தூணுக்குப் போய்ச் சுண்ணாம்பைச் சுரண்டத் தொடங்கினான். பூச்சுக்கு மேல் பூச்சாக உதிர்ந்தது. கடைசியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை வெளியே வந்தது. அதில் ஒரு நத்தை ஓடுகூட ஒட்டிக்கொண்டிருந்தது. அரியணையில் உட்கார்ந்திருந்த மகாராஜாவின் மூக்குக்கு நேராக நின்றது அந்தக் கோடு.

"இதோ வெள்ளம், மகாராஜா. பன்னிரண்டு வருஷமாக இந்தச் சபையில்தான் குடியிருக்கிறது. தை பிறந்தால் பிரதானியார் தவறாமல் இதற்கு வெள்ளை அடித்துவிடுகிறார். கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள், ஈரம் இல்லை."

மகாராஜா கோட்டைத் தடவிப் பார்த்தார். "நாம் அப்போது மலைமேல் வேட்டை மாளிகையில் இருந்தோம். முற்றம் மட்டும் நனைந்தது என்றல்லவா சொன்னீர், பிரதானியாரே?" பிரதானியார் கம்பளத்தின் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூக்கப்பன் விடவில்லை. நேரம் பார்க்கச் சபையில் வைத்திருந்த, அடியில் துளையிட்ட நாழிகை வட்டிலை அதன் அண்டாத் தண்ணீரில் மிதக்கவிட்டான். "இது மூழ்கும்போது வெள்ளம் இந்தக் கோட்டுக்கு வந்துவிடும். இப்போது முழங்கால் அளவு. அவரவர் காரியத்தைப் பாருங்கள்!"

மகாராஜா கொடுத்த வாக்கு ஆயிற்றே, யாரும் தட்ட முடியவில்லை. சபை எழுந்து ஓடியது. எங்கே ஓடுவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. தளபதி வாளை உருவினார். எதை வெட்டுவது என்று தெரியாமல் திரும்ப உறையில் போட்டார். பிரதானியார் முதலில் எடுத்தது வெற்றிலைப் பெட்டி. அரண்மனைப் படகு எங்கே என்று கேட்டால், நந்தவனத்தில் அதில் மண் நிரப்பி ரோஜா வைத்திருந்தார்கள். பின்வாசல் சாவி யாரிடம் என்று மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள்.

"இடுப்பளவு!" என்றான் மூக்கப்பன்.

மகாராஜா அரியணைமேல் ஏறி நின்றார். "நமது குதிரை? நீலவேணியை அவிழ்த்தாயிற்றா?"

லாயத்துக்காரன் கைகூப்பினான். "சங்கிலியில் பூட்டியிருக்கிறது, பிரபு. சாவி வைத்திருப்பவர் மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறார்."

வட்டில் மூழ்கிற்று. "நீலவேணி போய்விட்டாள், மகாராஜா" என்றான் மூக்கப்பன். அவன் குரலில் விளையாட்டே இல்லை. மகாராஜா அரியணையிலிருந்து மெல்ல இறங்கினார்.

அப்போதும் பிரதானியார் அடங்கவில்லை. "நாங்கள் பழகவில்லை, தடுமாறினோம். இவன் தெரு மட்டும் என்ன கிழித்துவிடும்? இன்று வெள்ளிக்கிழமையும் இல்லை. ஆண்கள் வயலில், இவனோ இங்கே. இப்போதே போய்த் தம்பட்டம் அடிப்போம், மகாராஜா. அங்கும் தடுமாறினால் உத்தரவு உத்தரவுதான்!"

"அடியுங்கள்" என்றான் மூக்கப்பன்.

மகாராஜாவும் பிரதானியாரும் கீழைத்தெருவுக்கு வந்து நிற்க, தெருமுனையில் அரண்மனைக்காரன் தம்பட்டத்தை அடித்தான். கரைக்குக் கீழே புதிதாக வட்டிலை மிதக்கவிட்டார்கள். மூக்கப்பன் அதைப் பார்க்கவில்லை, தெருவைத்தான் பார்த்தான். முதலில் ஒரு கதவு திறந்தது. பிறகு எல்லாக் கதவும் திறந்தன. அவல் பானை வந்தது, மூட்டை வந்தது. குயவர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பார்வையில்லாத வள்ளியாத்தாளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். வயலிலிருந்தவர்கள் வீட்டுக்கு வராமல் வரப்பு வழியாக நேரே மேட்டுக்கு ஏறினார்கள். பழகிய மாடுகள் ஆளுக்குக் காத்திராமல் முன்னே நடந்தன.

மகாராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு பசு மட்டும் கட்டியபடி நின்றது. "யாராவது அவிழ்த்துவிடுங்கள்!" என்று கத்தினார். யாரும் நெருங்குவதற்குள் தாமே கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தார். முடிச்சு சட்டென்று உருவிக்கொண்டது. "அட! இது யார் கண்டுபிடித்த முடிச்சு?"

மூக்கப்பன் குனிந்து பசுவின் கழுத்தைத் தடவினான். அந்தப் பசுவை ஓட்டிப்போக வந்த செங்கமலம்தான் சொன்னாள். "எங்க கொழுந்தனாருக்கு அன்னிக்கு முடிச்சு அவுக்க வரலீங்க, மகாராசா. அதுக்கப்புறம் நாங்க கத்துக்கிட்டோம்."

மகாராஜா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"நீங்க நிக்கிற எடம் தண்ணிக்குள்ள. மேல ஏறுங்க! பெரதானி, உங்களுக்குந்தான்!" என்று விரட்டினாள் செங்கமலம். மகாராஜா மறுபேச்சுப் பேசாமல் மேட்டில் ஏறினார். பிரதானியாரும் மூச்சு வாங்க ஏறினார். அவள் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். மகாராஜாவிடம் வந்ததும் கிரீடத்தையும் தொட்டாள்.

"நூத்திப் பதினேழு. பெரதானி, நூத்திப் பதினெட்டு. எல்லாரும் இருக்காங்கய்யா, ஒரு தல கொறையல."

கீழே வட்டில் பாதிகூட நிரம்பியிருக்கவில்லை.

மகாராஜா முதலில் புன்னகைத்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அறுபது வயதில் முதல்முறையாக நம்மையும் ஒரு தலையாக எண்ணி ஒருத்தி பத்திரப்படுத்தியிருக்கிறாள்! மூக்கப்பா, கேள், என்ன வேண்டும்?"

"தெருவுக்கு ஒரு படகு வேண்டும், மகாராஜா. நீலவேணிக்குச் சங்கிலி வேண்டாம்."

மகாராஜா தம் முத்துமாலையைக் கழற்றிச் செங்கமலத்துக்குக் கொடுத்தார். கீழைத்தெருவுக்கு இரண்டு படகு அனுப்பினார். அரண்மனைப் படகிலிருந்த ரோஜாச் செடிகளைப் பிரதானியாரே தம் கையால் தோண்டி எடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. வெள்ளிக்கிழமைத் தம்பட்டம் ஊர் முழுக்க ஒலித்தது.

மணிவிழாவுக்கு வந்த அண்டை நாட்டு அரசர்கள், வெள்ளையடித்த தூணில் அந்தக் கறையை மட்டும் விட்டுவைத்திருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். "மங்கல நாளில் இது என்ன அழுக்கு?"

"அழுக்கு இல்லை. முன்பு ஒருமுறை சொல்லாமல் வந்துபோன விருந்தாளி" என்று சிரித்தார் மகுடவர்மர். "மறுபடி வந்தால் எங்கே போய் நிற்பது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டில்?"