மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்

வேதாசலத்துக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய குருவுக்கு முப்பத்துமூன்று. குருவின் பெயர் மார்சலின். பெரம்பூரில் ஒரு மாடி அறையில் ஃபங்க் இசைக்குழு நடத்துகிறவள், பேஸ் கிடார் வாசிப்பவள். அவர் அவளை மாஸ்டர் என்பார், அவள் அவரை சார் என்பாள். இதில் யார் யாருக்குக் குரு என்று புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பதுண்டு.

வேதாசலம் இருபத்தாறு வருஷம் மெல்லிசைக் கச்சேரிகளில் கிடார் வாசித்தவர். பாடகர் மூச்சு வாங்க நிறுத்தினால் அந்த இடத்தைக் கிடார் நிரப்பியாக வேண்டும். நிரப்பாவிட்டால் குழு நடத்துகிறவர் முறைப்பார். அந்தக் குழுவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தாயிற்று. சனிக்கிழமை மார்சலின் குழுவுக்கு ஒரு பெரிய ஓட்டலில் கச்சேரி. அதில் அவருக்கு இடம் உண்டா இல்லையா என்று இன்று சாயங்காலம் சொல்வதாக அவள் சொல்லியிருந்தாள். மனுஷர் பொறுக்கவில்லை. இடம் கிடைத்துவிட்டது என்று போன வாரமே மனைவியிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஆகவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரின் முழங்கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், இந்த ஃபங்க் எங்கேருந்து வந்துச்சு?"

"அமெரிக்காவுல கறுப்பின ஜனங்க கிட்டேருந்து சார். சர்ச்சுல கை தட்டிப் பாடினது, ப்ளூஸ், ஜாஸ், சோல், தெருவுல ஊர்வலம் போன டிரம்ஸ், எல்லாம் அவங்க கையில இருந்துச்சு. அறுபதுகள்ல அதையெல்லாம் தூக்கி, நாலு அடித் தாளத்துல முதல் அடியில வச்சாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டுலயும் நாலுலயும்தான் அழுத்தம்."

"அவ்வளவுதானா?"

"மெட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளினாங்க. பேஸையும் டிரம்ஸையும் முன்னால கூப்பிட்டாங்க. மத்த எல்லாத்தையும் டிரம்ஸ் மாதிரி வாசிக்கச் சொன்னாங்க."

"கிடாரையுமா?"

மார்சலின் பேஸ் கிடாரை மாட்டிக்கொண்டாள். டிரம்ஸில் கபூர் உட்கார்ந்தார். சாக்ஸபோன்காரரும் ட்ரம்பெட்காரரும் எழுந்து நின்றார்கள். முதல் அடியில் நாலு பேரும் ஒன்றாக விழுந்தார்கள், தரை அதிர்ந்தது. பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் சிதறி, மறுபடி முதல் அடியில் வந்து விழுந்தார்கள்.

வேதாசலமும் சேர்ந்துகொண்டார். ஒரே கார்டு, சேர்ந்து ஒலிக்கும் அதே ஸ்வரக்கூட்டு. எட்டுச் சுற்றுப் போனது, பதினாறும் போனது. அடுத்த கார்டு வருகிற வழியாக இல்லை.

"எப்ப மாறும் மாஸ்டர்?" என்று கத்தினார்.

"மாறாது."

அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. எங்கே பார்த்தாலும் காலி இடம். கை சும்மா இருக்குமா? முதல் காலியில் நாலு ஸ்வரம் போட்டார். அடுத்ததில் எட்டு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருபத்தாறு வருஷத்தையும் அவிழ்த்துவிட்டார். விரல்கள் பறந்தன. இதைக் கேட்டபின் எவள் வேண்டாம் என்பாள் என்று நினைத்துக்கொண்டே கண்ணைத் திறந்தார்.

அறையில் அவர் ஒருவர்தான் வாசித்துக்கொண்டிருந்தார். பேஸ் கிடார் சுவரில் சாய்ந்திருந்தது. கபூர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப நிறுத்தினீங்க?"

"டீ ஆறிப்போச்சு சார்" என்றார் கபூர்.

வேதாசலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அழுகை வராத குறை. ஐம்பத்தொரு வயதில் இப்படி ஒரு அவமானம் தேவையா என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"நான் கிளம்பட்டுமா மாஸ்டர்? வீட்ல வேற இடம் கிடைச்சாச்சுன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்."

மார்சலின் அவர் அருகே வந்து அவருடைய இடது கையைக் கம்பிகள்மேல் லேசாகப் பரப்பி வைத்தாள்.

"அழுத்தாதீங்க. ஸ்வரம் வேண்டாம். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல வலது கையால ஒரே ஒரு 'சக்'. அவ்வளவுதான்."

"மத்த நேரம்?"

"சும்மா இருங்க."

"சும்மா இருந்து என்ன பண்றது?"

"எங்களைக் கேளுங்க."

மறுபடி ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, சக். ஒன்று, இரண்டு, மூன்று, சக். ஐந்து நிமிஷம் நரக வேதனை. விரல்கள் துடித்தன, முழங்கால் ஆடியது, பல்லைக் கடித்துக்கொண்டார். இதற்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொடுத்திருக்கலாமே என்று மனசுக்குள் திட்டினார். திட்டிக்கொண்டிருக்கும்போதே பேஸ் ஓரிடத்தில் வேண்டுமென்றே நகர்ந்துகொள்வது காதில் விழுந்தது. கபூரின் குச்சியும் அதே இடத்தில் ஒதுங்கியது. அவருடைய 'சக்' போய் விழுகிற இடம் அது. அதற்குப் பின் நேரம் போனது தெரியவில்லை.

நடுவில் ஒருமுறை வியர்வை கண்ணில் இறங்கியது. சட்டென்று துடைத்துக்கொண்டார். அந்தச் சுற்றில் 'சக்' விழவில்லை. கபூரின் குச்சி தடுமாறியது, ட்ரம்பெட் முந்திக்கொண்டு பிளிறியது, மார்சலின் திரும்பிப் பார்த்தாள். பதறிப்போய் அடுத்த சுற்றில் சரியாகப் போட்டார். எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கியது.

முடிந்தபோது சட்டை நனைந்திருந்தது. மற்றவர்கள் கருவிகளை உறையில் போட்டார்கள். வேதாசலத்தால் பொறுக்க முடியவில்லை.

"மாஸ்டர், இவ்வளவு நேரம் வாசிச்சேனே, நான் வாசிச்சது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்கல சார்" என்றாள் மார்சலின். "நடுவுல ஒரு தடவை விட்டீங்களே, அது கேட்டுச்சு. சனிக்கிழமை விட்டுடாதீங்க."