நாலாவது வரி

கிடைக்கப்போகிற பதவியை ஒரு பெண் வேண்டாமென்று எழுதிக் கொடுக்க எத்தனை வரி தேவைப்படும், சொல்லுங்கள் பார்ப்போம்?

நாலே வரி. அதையும் அவள் எழுத வேண்டியதில்லை. யாராவது எழுதிக் கொண்டுவந்து கையில் தந்துவிடுவார்கள்.

செண்பகவல்லி டீச்சர் கையில் அப்படி ஒரு தாள் இருந்தது. அழகாகத் தட்டச்சு செய்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. தலைமையாசிரியர் பதவி உயர்வுக் கலந்தாய்வு நடக்கிற கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பட்டியலில் அவர் பதினேழாவது. பதினாறாவது ஆள் உள்ளே போயிருந்தார். அவர் எடுத்தது போக ஒரே ஒரு பள்ளிதான் மிஞ்சும்.

அதைச் செண்பகவல்லி வேண்டாமென்றால் பதினெட்டாவது ஆளுக்குப் போகும். இவர் பெயர் மறுபடி பட்டியலில் ஏற வருஷக்கணக்காகும்.

அந்தப் பதினெட்டாவது ஆள் வேலாயுதம் சார். செண்பகவல்லியோடு ஒரே பள்ளியில் வேலை, ஒரே தெருவில் வீடு. தாளைத் தட்டச்சு செய்தது அவர்தான். நல்ல மனிதர். காலையில் டீயும் உளுந்தவடையும் வாங்கிக் கொடுத்தார். கையெழுத்துப் போடப் பேனாவும் கொடுத்தார். "வீட்டையும் பாத்து ஸ்கூலையும் பாக்க முடியுமா டீச்சர், உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார்.

செண்பகவல்லிக்குப் பக்கத்தில் மரியபுஷ்பம் டீச்சர் இருந்தார். அடுத்த ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியை. வயதில் செண்பகவல்லிக்கு ஆறு வருஷம் இளையவர். ஆனால் பின்னக் கணக்கைப் பிள்ளைகள் பயப்படாமல் கற்க எப்படிச் சொல்லித்தருவது என்று ஒரு பயிற்சி வகுப்பில் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். அன்றிலிருந்து செண்பகவல்லிக்கு அவர்தான் குரு. இன்றும் அவரைத் துணைக்கு வரச் சொல்லி அழைத்திருந்தார்.

"டீச்சர், எழுதிக் கொடுக்கது தப்பா?"

மரியபுஷ்பம் தாளை வாங்கி ஒருமுறை படித்தார். பிறகு அதே பெஞ்சின் ஓரத்தில் இருந்த வேலாயுதத்திடம் நீட்டினார். வாசகம் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் விண்ணப்பத்தைக் காதால் கேட்டால்தான் குறை தெரியும் என்றார்.

"நீங்களே உங்க பேரைப் போட்டு வாசிங்க சார்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாசியுமய்யா, உம்ம குரலைக் கேட்டு ரொம்ப நாளாச்சு என்று ஒருவர் கிண்டலடித்தார். வேலாயுதமும் சிரித்துக்கொண்டே தொண்டையைச் செருமினார்.

"வேலாயுதம் ஆகிய நான் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. என் பிள்ளைகள் சிறியவர்கள் என்பதால்..."

"உங்க பிள்ளைகளுக்கு என்ன வயசு சார்?"

"மூத்தவனுக்கு அஞ்சு. சின்னவளுக்கு ரெண்டு."

செண்பகவல்லியின் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் படிக்கிறார்கள். அது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப வரி சரிதான். மேல வாசிங்க."

"வயதான மாமியாரைக் கவனிக்க..." அவர் நிறுத்தினார். "மாமியார்னு இருக்கு டீச்சர்."

"உங்க வீட்டுல யாரு?"

"அம்மா. படுக்கையில இருக்காவ."

"அம்மான்னு மாத்தி வாசிங்க."

மாற்றி வாசித்தார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. பள்ளி தொலைவில் இருப்பதாலும் இரண்டு பேருந்து மாற வேண்டியிருப்பதாலும் என்பது மூன்றாவது வரி. ஒரே தெருக்காரர்களுக்குத் தூரம் என்ன வேறாகவா இருக்கும்? அதை வேகமாக வாசித்துவிட்டார்.

நாலாவது வரியில் அவர் வாய் திறக்கவில்லை.

"ஏன் சார் நின்னுட்டீங்க?"

"பதவி உயர்வை முழுமனதோட துறக்கிறேன்னு இருக்கு."

"வாசிங்க."

"இது எனக்கு எழுதுனது இல்லையே, டீச்சர்."

கூடத்தின் கதவு திறந்தது. பதினாறாவது ஆள் உத்தரவுத் தாளோடு வெளியே வந்தார். உள்ளேயிருந்து குரல் கேட்டது. பதினேழு, செண்பகவல்லி.

செண்பகவல்லி எழுந்தார். வாசலைப் பார்த்தபடியே நின்றார். வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடும்படி, காலை இட்லியோடு இட்லியாக வீட்டில் எல்லாரும் பேசி முடித்து அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் போய் அந்த முகங்களைத்தான் பார்க்க வேண்டும். உள்ளேயிருந்து இரண்டாவது தடவையும் பெயரைச் சொன்னார்கள். மூன்றாவது தடவை சொல்ல மாட்டார்கள்.

"டீச்சர், பிள்ளைக வளந்துட்டாலும் மத்த ரெண்டு வரியும் எனக்கு நிசந்தான்" என்றார் செண்பகவல்லி.

"பொய்னு நான் சொல்லலையே" என்றார் மரியபுஷ்பம். "நீங்க எழுதிக் கொடுத்தா சார் உள்ள போவாரு. அந்த மூணு வரியையும் தூக்கிக்கிட்டுத்தான் போவாரு."

வேலாயுதம் தலைகுனிந்தார்.

செண்பகவல்லி பேனாவை மூடி அவரிடம் கொடுத்தார். தாளை அவர் கையிலேயே விட்டுவிட்டார். இரண்டு எட்டு நடந்து, வாசற்படியில் நின்று திரும்பினார்.

"சார், எங்க வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. இனிமே நான் வர ஏழு மணியாகும், அத்தைக்குச் சாயங்கால மாத்திரையை அவரே எடுத்துக் குடுக்கணும்னு. நீங்க சொன்னாக் கேப்பாரு."