இரண்டாவது துணி

கண்ணாடி ஒட்டுகிறவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற கதை இது. சொல்கிறவர் வாய்க்கு ஏற்றபடி கட்டடம் இரண்டு மாடி ஏறும், இறங்கும். பயம் மட்டும் குறையாது.

அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறை. உயரக் கட்டடங்களுக்கு முகப்புக் கண்ணாடி செய்து அனுப்புகிற இடம். அலுமினியச் சட்டத்தின் மேல் கண்ணாடியை வைப்பார்கள். சுற்றிலும் சிலிக்கான் பசையை ஊட்டுவார்கள். நன்றாக இறுகவிட்டு லாரியில் ஏற்றுவார்கள். ஆணி கிடையாது, திருகு கிடையாது. இரண்டு ஆள் எடையுள்ள கண்ணாடி அந்தரத்தில் நிற்பது விரல் அகலக் கறுப்புப் பசையை நம்பித்தான். அதன் கீழே நாமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நடக்கிறோம்.

பட்டறைக்கு மாஸ்டர் மெஹருன்னிசா. முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். அவரிடம் தொழில் கற்க வந்த சவேரிமுத்துவுக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், இடுப்பு வலி வந்து ஸ்டியரிங்கை விட்டவர். வயதுக்கு மரியாதையாக மாஸ்டர் அவரை அண்ணே என்பார். தொழிலுக்கு மரியாதையாக அவர் இவரை மாஸ்டர் என்பார். இருவருக்கும் அதில் கூச்சமில்லை.

கார்த்திகையில் ஒரு நாள், புயல் கரையைக் கடக்கப்போகிறது என்று டிவியில் சொன்னார்கள். அன்று காலையில் சவேரிமுத்துவுக்கு இட்லி தொண்டையில் இறங்கவில்லை. பட்டறைக்கு வந்தும் கை வேலையில் ஓடவில்லை. கூரைத் தகரம் ஒரு தட்டு தட்டினால் இவருக்கு நெஞ்சு இரண்டு தட்டு தட்டியது.

கடைசியில் மாஸ்டரிடம் போய் நின்றார்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"ஸ்டிக்கருக்கு அடியில வழவழன்னு ஒரு பேப்பர் இருக்கே, அதுல பூசியிருக்கிறதும் சிலிக்கான்தான்னு சொன்னீங்க."

"ஆமா. அதனாலதான் ஸ்டிக்கர் சுளுவா வருது."

"மழைத்தண்ணி சுவத்துல ஊறாம உருண்டு ஓடட்டும்னு பூசுறாங்களே?"

"அதுவும் இதே குடும்பம்தான். உள்ள மணலோட குணம், வெளிய எண்ணெயோட குணம். மணல் குணம் இருக்கிறதால வெயிலுக்கு அசையாது. எண்ணெய் குணம் இருக்கிறதால தண்ணி அண்டாது."

"அப்ப ஊர்ல எல்லாரும் எதுவும் ஒட்டக் கூடாதுன்னுதான் இதைப் பூசுறாங்க. நாம மட்டும் இதை வெச்சுக் கண்ணாடியை வானத்துல ஒட்டுறோம். இது ஒட்டுற சாமானா, ஒட்டாத சாமானா மாஸ்டர்?"

கேள்வி சாதாரணக் கேள்விதான். கேட்ட குரல்தான் சாதாரணமாக இல்லை. மாஸ்டர் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து இரண்டு அலுமினியத் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டின் மேலும் கறுப்பாக ஒரு பசைப் பட்டை இறுகிக் கிடந்தது.

"ஒரே நாள்ல, ஒரே டப்பாவுல எடுத்த பசை. எது ஒட்டியிருக்கு, எது ஒட்டலை? சொல்லுங்க."

சவேரிமுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகள்கூட அவ்வளவு ஒன்றுபோல இருக்காது.

"ரெண்டும் ஒட்டித்தானே இருக்கு?"

"பாத்தா தெரியாது. நுனியை மடக்கி இழுங்க."

முதல் பட்டையை இழுத்தார். அது நீண்டது, முரண்டு பிடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததும் நடுவில் பிய்ந்தது. கையில் பாதி வந்தது. மீதி பாதி உலோகத்தை விடவே இல்லை.

"ஐயையோ, கிழிஞ்சிடுச்சே!"

"கிழியணும்ணே. அதுதான் நல்ல வேலை. தான் கிழிஞ்சாலும் பிடிச்ச இடத்தை விடலை பாருங்க. இப்ப அடுத்தது."

அடுத்ததை இழுக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. பழத்தோல் மாதிரி முழுசாக உரிந்து வந்துவிட்டது. பட்டையில் ஒரு கீறல் இல்லை. உலோகம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி மின்னியது.

"இது ஏன் மாஸ்டர் இப்படி?"

"முதல் துண்டை ரெண்டு துணி போட்டுத் துடைச்சேன். இதை ஒரே துணி."

அந்தப் பட்டறையில் அதுதான் விதி. முதல் துணி ஸ்பிரிட்டில் நனைத்தது. அது உலோகத்தின் மேல் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கைக் கரைத்துக் கிளப்பும். ஸ்பிரிட் காய்வதற்குள் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். தானாகக் காயவிட்டால் கிளம்பின பிசுக்கு அங்கேயே மறுபடி படிந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

சவேரிமுத்து உரிந்து வந்த பட்டையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"மாஸ்டர்... ஊதினா?"

"என்னது?"

"ரெண்டாவது துணி இல்லாம, வாயால ஊதிக் காய வெச்சா?"

மாஸ்டர் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"எப்பண்ணே?"

"ஆடி மாசம். காஞ்ச துணி தீந்துபோச்சு. ஸ்டோர் அந்தக் கோடியில இருக்கு. எல்லாரும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டே இருந்தாங்க. ஒரே ஒரு சட்டம்தானேன்னு, உஃப்புன்னு ஊதிவிட்டுட்டுப் பசையைப் போட்டுட்டேன். அப்புறம் மறந்தே போச்சு. புயல்னு கேட்டதும்தான் ஞாபகம் வந்துச்சு மாஸ்டர்."

"எந்தச் சட்டம்?"

"அன்னிக்குச் செஞ்சது பதினெட்டு. அதுல ஒண்ணு. எதுன்னு தெரியலை."

"எங்க போச்சு?"

"பெருங்குடி. ஒன்பதாவது மாடி. கீழ பஸ் ஸ்டாப் இருக்கே, அந்தப் பக்கம்."

மாஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது இவருக்கு. "யா அல்லா" என்று மாஸ்டர் வாய்க்குள் சொன்னார். கட்டடத்துக்குப் போன் போட்டார். கண்ணாடியைக் கழற்றுவதற்கு ஆள் ஏறுகிற தொட்டிலை மேலேயிருந்து இறக்க வேண்டும். இந்தக் காற்றில் அதை இறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கீழே கயிறாவது கட்டுங்கள் என்றார் மாஸ்டர். பிறகு ஸ்கூட்டியை எடுத்தார்.

"ஏறுங்கண்ணே."

பின்னால் உட்கார்ந்து போகிற வழியெல்லாம் சவேரிமுத்துவுக்கு ஊர் வேறாகத் தெரிந்தது. இத்தனை கண்ணாடியையா இந்த ஊரில் மாட்டி வைத்திருக்கிறார்கள்! வங்கியில் கண்ணாடி, ஆஸ்பத்திரியில் கண்ணாடி, நகைக்கடையில் கண்ணாடி. ஒவ்வொன்றுக்கும் அடியில் யாராவது நின்றுகொண்டிருந்தார்கள். மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. மழை பிடித்துக்கொண்டது.

கட்டடத்தடியில் கயிறு கட்டித்தான் இருந்தது. 'பராமரிப்பு வேலை நடக்கிறது' என்று ஒரு பலகையும் தொங்கியது. ஆனால் யார் மதித்தார்கள்? மழைக்கு ஒதுங்க அந்தச் சாலையில் இருந்தது அந்த ஒரு பஸ் ஸ்டாப்தான். ஜனங்கள் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள். கூரைக்கடியில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கைக்குழந்தையோடு ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நானும் கத்திக் கத்திப் பாத்துட்டேம்மா. என்னைப் போய்யாங்கிறாங்க" என்றார் காவலாளி.

மாஸ்டர் கயிற்றுக்குள் நுழைந்தார்.

"எல்லாரும் வெளிய வாங்க. மேலேயிருந்து கண்ணாடி விழலாம்."

"யாரும்மா நீ?"

"கண்ணாடி செய்யற பட்டறை."

"விழுற மாதிரியா செஞ்சு மாட்டுவீங்க? போம்மா, மழையில நனைய வைக்காதே."

நாலு பேர் சிரித்தார்கள். மாஸ்டர் பெஞ்சில் இருந்தவளின் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தார். அவள் கையை உதறிவிட்டுக் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். மேலே எங்கேயோ, காற்றில் ஏதோ ஒன்று டக் என்று சொன்னது. அது சவேரிமுத்துவுக்கு மட்டும் கேட்டது.

மாஸ்டர் திரும்பினார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க."

"நானா? நீங்க சொல்லியே கேக்கலையே."

"நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன். நீங்க செஞ்சதைச் சொல்லுங்க."

"இவங்க கிட்டயா? அடிச்சே கொன்னுடுவாங்க மாஸ்டர்!"

மாஸ்டர் அந்தப் பெண் பக்கமே திரும்பி மறுபடி அவள் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் அந்தக் கூரைக்கடியில். குழந்தையோடு மூன்று பேர்.

எப்படிக் கயிற்றைத் தாண்டினார் என்று சவேரிமுத்துவுக்கு இன்றைக்கும் நினைவில்லை.  குரல் லாரிக்காரன் குரலாக வந்தது.

"அம்மா! ஐயா! அந்தக் கண்ணாடியை ஒட்டினவன் நான்தான்! இதோ, இந்தக் கையாலதான் ஒட்டினேன். துணி போட்டுத் துடைக்கணும். நான் துடைக்கலை. சோத்துக்குப் பறந்துக்கிட்டு வாயால ஊதிவிட்டேன். அது நிக்காது. எது விழும்னு எனக்கே தெரியாது. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், வெளிய வந்துடுங்க!"

சிரிப்பு நின்றது. எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். பிறகு மேலே பார்த்தார்கள். முதலில் ஓடினது கைக்குழந்தைக்காரிதான். அவள் ஓடினதும் கூட்டம் மொத்தமும் மழைக்குள் சிதறியது.

"அடப்பாவி, நீயெல்லாம் மனுஷனா?" என்று ஒருவன் சவேரிமுத்துவின் சட்டையைப் பிடித்தான். பளாரென்று ஓர் அறை விழுந்தது. அவனே இவரைத் தரதரவென்று கயிற்றுக்கு வெளியே இழுத்தும் வந்தான். மாஸ்டர் கடைசியாக வந்தார்.

சாலைக்கு எதிர்ப்புறம் எல்லாரும் நனைந்துகொண்டு நின்றார்கள். ஒன்றும் விழவில்லை. "எங்கேய்யா, விழக் காணோமே" என்று ஒருவர் ஆரம்பித்தார். பைத்தியக்காரன் என்றது இன்னொரு குரல். சிலர் திரும்பிக் கயிற்றுப் பக்கம் நடக்கவும் தொடங்கினார்கள். அவர்கள் முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார் சவேரிமுத்து. அவமானத்தில் அவருக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தக் காற்று வந்தது.

சத்தம் வந்து முடிந்த பிறகுதான் என்ன நடந்தது என்றே புரிந்தது. பஸ் ஸ்டாப்பின் கூரையைக் காணோம். பெஞ்சைக் காணோம். அங்கே கல்கண்டு கொட்டினது மாதிரி குவியல் குவியலாகக் கண்ணாடி கிடந்தது.  குழந்தை அழுதது.

அறைந்தவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

புயல் போன பிறகு மீதி பதினேழையும் இறக்கினார்கள். எல்லாவற்றையும் பட்டறைக்குக் கொண்டுவந்து, பசையை அறுத்து அறுத்து இழுத்துப் பார்த்தார்கள். அறுத்தது சவேரிமுத்துதான். வேறு யாரையும் தொட விடவில்லை. பதினேழும் கிழிந்தன. ஒன்றுகூட உரிந்து வரவில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அவருக்கு நிம்மதி வரவில்லை. அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தால் என்ன கேடு?

வேலை முடிந்ததும் கையைக் கழுவினார். பட்டறைச் சட்டையைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் இரண்டு பசைத் துண்டுகள் கிடந்தன. ஒன்று விழுந்த கண்ணாடியினுடையது, அன்றைக்குச் சாலையோரத்தில் மாஸ்டர் பொறுக்கி எடுத்து வந்தது. அது கீறலில்லாமல் வழவழப்பாக இருந்தது. இன்னொன்று இப்போது அறுத்தது. அது கந்தலாக இருந்தது.

"நான் கிளம்பறேன் மாஸ்டர்."

"எங்க?"

"எங்கேயாவது வாட்ச்மேன் வேலைக்கு. இனிமே என்னை நம்பி ஒரு சட்டத்தைக் கொடுப்பீங்களா? நீங்க கொடுத்தாலும் எனக்குத் தொட பயமா இருக்கு. ஊரே காறித் துப்பிச்சு. என்கிட்ட இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

மாஸ்டர் அலமாரியிலிருந்து இரண்டு துணிகளை எடுத்து அவர் மடித்துவைத்த சட்டையின் மேல் வைத்தார். வழவழப்பான துண்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். கந்தலான துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல ஊரே சேர்ந்து உங்களை இழுத்துப் பாத்துடுச்சுண்ணே. கிழிஞ்சீங்க. உரிஞ்சு வரலை. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க."